கூடத்தில் கிடந்த பத்திரிகை

விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் இதழ்களும் இணைய ஊடகமும் பற்றி ஒரு தாள் உண்டு. மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் சில வருடங்களாக அதை நான்தான் எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் வாசகர்கள் ஓர் அலகு, சித்தரிப்பு இன்னோர் அலகு, சட்டமும் ஒழுங்குமுறையும் கடைசி அலகு. முதல் அலகில் வெளிநாட்டுப் பேராசிரியர்களின் கோட்பாடுகள் வரும். இரண்டாவதில் சிவப்பழகு கிரீம் விளம்பரம் வராமல் இருக்காது. மூன்றாவதில் சட்டங்களின் பெயரும் வருடமும். மூன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிடலாம். பாஸாகிறார்கள்.

எனக்கு இந்தப் பாகப்பிரிவினை பிடிப்பதில்லை. தமிழ்ப் பத்திரிகைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். ஒரு பத்திரிகை எந்த இடத்தில், யார் யார் கண் பட வாசிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதில் யாரை எப்படி வரைவார்கள் என்பது இருந்தது. யாருக்குக் கோபம் வரும், கோபம் வந்தவர் என்ன செய்வார் என்பதும் அதே இடத்தைப் பொறுத்ததுதான். அதனால் நான் வகுப்பை இடத்திலிருந்து தொடங்குவேன். முதலில் வீட்டுக் கூடம், அடுத்தது டீக்கடை, அப்புறம் கைபேசி.

கூடம் என்றால் விகடன், கல்கி, குமுதம். ஆனந்த விகடன் 1926-ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கியது. 1928-ல் எஸ்.எஸ்.வாசன் கைக்கு வந்தது. அங்கே ஆசிரியராக இருந்த கல்கி வெளியேறி, 1941-ல் சதாசிவத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே ஒரு வார இதழ் ஆரம்பித்தார். குமுதத்தை எஸ்.ஏ.பி.அண்ணாமலை 1947-ல் தொடங்கினார். நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இந்த மூன்றில் ஒன்றை வாங்கும் வீடா, இரவல் வாங்கும் வீடா, லெண்டிங் லைப்ரரியில் பணம் கட்டும் வீடா என்று சொல்லிவிடுவார்கள். அதிலேயே அந்த வீட்டின் வருமானம் பாதி தெரிந்துவிடும்.

லெண்டிங் லைப்ரரியைப் பற்றி மாணவர்களுக்குச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். மாதம் ஒரு தொகை கட்டினால் சைக்கிளில் ஒருவர் வந்து பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போவார், மறுநாள் வந்து அதை வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தருவார். அட்டையில் ரப்பர் ஸ்டாம்பு, மூலையில் வீட்டு எண்கள் பென்சிலில். ஒரே பிரதி ஒரு தெரு முழுக்கச் சுற்றும். புதன்கிழமை நம் வீட்டுக்கு வரும்போது குறுக்கெழுத்துப் புதிரை யாரோ பாதி போட்டிருப்பார்கள், அதுவும் தப்பாக.

அதனால்தான் விற்ற பிரதிகளின் கணக்கும் படித்தவர்களின் கணக்கும் வேறு வேறு. 1948-ல் அமைந்த ஏ.பி.சி. என்கிற கணக்குத் தணிக்கை அமைப்பு விற்ற பிரதிகளை எண்ணுகிறது. இந்திய வாசகர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டது. விளம்பரதாரருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். சோப்பு வாங்குவது பத்திரிகைக்குக் காசு கொடுத்தவர் மட்டும் இல்லையே. அந்த வாசகர் கணக்கெடுப்பு கடைசியாக வந்தது 2019-ம் ஆண்டுக்கு. அதற்குப் பிறகு அச்சுப் பத்திரிகையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு எண் சொல்லிக்கொள்கிறார்கள்.

தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்வதும் கூடத்துப் பழக்கம்தான். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு வாரா வாரம் எடுத்து வைத்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த குடும்பங்கள் ஏராளம். பழைய புத்தகக் கடையில் இப்படிப்பட்ட பைண்டு வால்யூம் எந்தத் தொடருடையதாக இருந்தாலும் வாங்கிவிடுவேன். எனக்கு வேண்டியது தொடர்கதை இல்லை, கிழித்த தாளின் மறுபக்கம். அங்கே ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், ஒரு ஜோக் இருக்கும், வேறொருவர் சிறுகதையின் நடுப்பகுதி ஆரம்பமும் முடிவும் இல்லாமல் இருக்கும். யாரும் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைக்காமல் சேர்ந்துவிட்ட பக்கங்கள் இவை. ஒரு காலத்தின் முகத்தைப் பார்க்க இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

இந்தக் கூடத்தில் ஒரு தணிக்கை நடந்துகொண்டே இருந்தது. பத்திரிகை ஊஞ்சலிலோ நாற்காலியிலோ கிடக்கும். பாட்டி எடுப்பார், மருமகள் எடுப்பார், பத்தாவது படிக்கிற பெண் எடுப்பாள், வந்த விருந்தாளி புரட்டுவார். எல்லார் கையிலும் படுகிற ஒரு பொருளில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை ஆசிரியர் குழு தானே முடிவு செய்துகொண்டது. பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில் 1966-ல் வந்தது, இப்போது இருக்கிற அமைப்பு 1978-ம் ஆண்டுச் சட்டத்தின்படி. அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். எந்த ஆசிரியரும் அதற்குப் பயந்து தூக்கத்தைத் தொலைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் கும்பகோணத்திலிருந்து ஒரு சந்தாதாரர், உங்கள் பத்திரிகையை இனி வீட்டுக்குள் விடப்போவதில்லை என்று கார்டு போட்டால் அதற்கு மதிப்பு உண்டு. குமுதம் இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. ஜெயராஜ் வரைந்த படங்களுக்காகவே குமுதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்த வீடுகளும் உண்டு. ஆனாலும் வாங்கினார்கள்.

இதுவரைக்கும் கேட்டால் கூடம் ஏதோ நல்ல காவல்காரன் மாதிரி இருக்கும். மாணவர்களும் அப்படித்தான் தலையாட்டுவார்கள். அப்புறம் பைண்டு வால்யூமை மேசையில் வைத்து, மறுபக்கங்களை மட்டும் பார்க்கச் சொல்வேன்.

ஜோக்குகளில் வருகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். பூரிக்கட்டையோடு மனைவி, வரதட்சிணை மாமனார், தலைதீபாவளி மாப்பிள்ளை, நர்ஸைப் பார்க்கிற டாக்டர், டைப்பிஸ்ட்டைப் பார்க்கிற மானேஜர், போர் என்றால் ஓடுகிற மன்னர், ராப்பிச்சைக்காரன், வேலைக்காரி. சிறுகதைகளில் காபி இருக்கும், மொசைக் தரை இருக்கும், மாம்பலமோ மயிலாப்பூரோ இருக்கும். பேச்சுவழக்கு பெரும்பாலும் ஒரே சாதியினருடையது. மற்றவர்கள் பேசினால் அது கொச்சை, சிரிப்பதற்காகப் போட்டது.

ஒரு வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எதையும் பேசாமல் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "மேடம், ஹீரோயின் மூஞ்சியில ஒரு கோடுகூட இல்ல, பேப்பர் அப்படியே விட்டிருக்காங்க. வேலைக்காரிக்கு மட்டும் குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டிருக்காங்க" என்றாள். எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கறுப்பு மையில் அச்சடிக்கிற கோட்டோவியத்தில் தோல் நிறத்தைக் காட்ட ஓவியருக்கு இருக்கிற வழி அதுதான். கதாநாயகிக்குத் தாளின் வெள்ளையையே தோலாக்கிவிடலாம். கறுப்பானவர் என்று காட்டக் கோடு இழுக்க வேண்டும், கோடு இழுக்க ஒரு காரணம் வேண்டும். அந்த வால்யூமில் கோடு வாங்கியவர்கள் வேலைக்காரி, வண்டிக்காரர், கிராமத்து ஆள், திருடன். பாடப்புத்தகத்தில் சித்தரிப்பு பற்றி இருக்கும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் அன்றைக்கு அவள் காட்டியதைக் காட்டவில்லை.

கூடம் என்று நான் சொல்கிற அந்த இடம் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. ஆசிரியர் குழுவின் மனக்கண்ணில் இருந்த கூடம் ஒரு குறிப்பிட்ட வீட்டினுடையது. அந்த வீட்டுப் பாட்டி முகம் சுளிப்பாரா என்று பார்த்தார்கள். முத்தக் காட்சிக்கு முகம் சுளிப்பார், சரி. சேரியில் நடக்கிற ஒரு கதைக்கும் அதே சுளிப்புதான் வந்தது. கண்ணியம் என்ற பெயரில் இரண்டும் சேர்ந்தே வெளியே நின்றன.

வாசகர் இல்லாததால் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893-லேயே 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையையே பெயரில் வைத்த வார இதழ். விகடன் பிறப்பதற்குப் பத்தொன்பது வருடம் முன்பு. படிக்கிறவர்கள் இருந்தார்கள், காசு கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் விற்கப்போகிற வார இதழ்கள் வந்தபோது அவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. பெண்கள் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. பள்ளிக்கூடம் போகாத வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி'யை எடுத்து முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். பெண்கள் கூடத்துக்குள் இருந்தவர்கள். அவர்களுக்கான பத்திரிகைக்கு விளம்பரமும் கிடைத்தது, பின்னாளில் கோலம், சமையல் இலவச இணைப்புகளும், அட்டையில் ஒட்டிய ஷாம்பு பாக்கெட்டும் வந்தன.

இதெல்லாம் அந்தக் காலம் என்று யாராவது சொன்னால் 2019-ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித்தளமும் வெளியிட்ட அறிக்கையைக் காட்டுவேன். அச்சு, தொலைக்காட்சி, இணையம் என்று அவர்கள் பார்த்த ஆங்கில, இந்தி ஊடகங்களில் தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106-ல் உயர்சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரும் இல்லை. 12 பத்திரிகைகளின் அட்டையில் இடம்பிடித்த 972 கட்டுரைகளில் சாதியைப் பற்றியவை 10. தமிழுக்கு இப்படி ஒரு கணக்கை எடுக்கச் சொன்னால் என் மாணவர்கள் ஒரே பருவத்தில் எடுத்துவிடுவார்கள். எந்த அலுவலகமும் உள்ளே விடாது என்பதுதான் சிக்கல்.

கூடத்தை விட்டு வெளியே வந்தால் டீக்கடையும் சலூனும் பஸ் ஸ்டாண்டும். அங்கே தொங்குவது ஜூனியர் விகடன், நக்கீரன் வகை. வாசகர்கள் பெரும்பாலும் ஆண்கள், நின்றுகொண்டு படிக்கிறவர்கள், அடுத்தவர் தோள் வழியாகப் படிக்கிறவர்கள். இவற்றின் உண்மையான அட்டை பெட்டிக்கடை முன்னால் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் போஸ்டர்தான். பெரிய எழுத்தில் ஒரு பெயர், கீழே ஒரு கேள்விக்குறி, 'பகீர் பின்னணி' மாதிரி ஏதாவது ஒரு வரி. பஸ்ஸில் போகிறவர் மூன்று விநாடியில் படித்துவிட வேண்டும், ஆனால் விஷயம் புரிந்துவிடக் கூடாது. யூடியூப் தம்ப்நெயில் தமிழ்நாட்டுக்குப் புதிதாக வந்த கலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூடத்துக்குள் வராத விஷயங்கள் இங்கே வந்தன. அதனால் பெரிய வழக்கும் இங்கிருந்துதான் வந்தது. ஆட்டோ சங்கர் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தபோது எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தது. சில அதிகாரிகளுக்கு அவனோடு இருந்த தொடர்பு அதில் இருப்பதாகப் பேச்சு. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர், வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு. ஒரு பத்திரிகை தன் அதிகாரிகளைப் பற்றி எழுதப்போகிறது என்பதற்காக அரசு முன்கூட்டியே தடை போட முடியாது, அவதூறு என்றால் வெளிவந்த பிறகு சம்பந்தப்பட்டவர் வழக்குப் போடட்டும் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், தனி மனிதருக்குத் தன்னை விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு, அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்றும் சொன்னது. ஆதார் வழக்கையொட்டி 2017-ல் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அறிவித்தபோது இந்தத் தீர்ப்பையும் எடுத்துப் பேசினார்கள். ஆதார் பற்றி வாதாடுகிற டெல்லி வக்கீல், மதுரை பஸ் ஸ்டாண்டில் தொங்கிய ஒரு பத்திரிகைக்கு ஏதோ ஒரு விதத்தில் கடன்பட்டவர்.

டீக்கடைக்கும் கூடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005 நல்ல உதாரணம். இந்தியா டுடே ஒரு பாலியல் கருத்துக்கணிப்பு வெளியிட்டது, அதையொட்டித் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. அவர் மேல் 23 புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர் நீதிமன்றங்களில். உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் அத்தனையையும் ரத்து செய்தது. கருத்துக்கணிப்பை வெளியிட்ட பத்திரிகையைவிடப் பேசிய பெண்தான் ஐந்து வருடம் அலைந்தார்.

இனி அட்டைப்படத்துக்கு வருகிறேன். நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான்.

29.3.1987 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இரண்டு பேர். இதில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று இன்னொருவர் பதில் சொல்வார். யார் பெயரும் கிடையாது, எந்தக் கட்சியும் கிடையாது. அப்போது எம்.ஜி.ஆர். முதல்வர், பி.எச்.பாண்டியன் சபாநாயகர். உரிமை மீறல் என்று சட்டமன்றம் எடுத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் விதித்து சென்னை மத்தியச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் கொதித்ததில் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1994-ல் ஜெயித்தார். அடையாளமாகக் கிடைத்த இழப்பீடு ஆயிரம் ரூபாய், அதை ஃபிரேம் போட்டு அலுவலகத்தில் மாட்டி வைத்தார். நடுவில் 1992-ல் திமுக நாளிதழான முரசொலியின் ஆசிரியர் செல்வத்தைச் சட்டமன்றத்துக்குள் கூண்டு செய்து ஏற்றிய கதையும் உண்டு. சட்டமன்றங்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவுதான்.

இந்த வழக்கைச் சொல்லிவிட்டு, எந்தப் பழைய பத்திரிகையானாலும் அதில் மிகச் சின்ன எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்வேன். கடைசிப் பக்கங்களின் அடியில் ஒரு வரி. அச்சிட்டவர் பெயர், வெளியிடுபவர் பெயர், ஆசிரியர் பெயர், அச்சகத்தின் முகவரி. 1867-ம் ஆண்டுச் சட்டம் போட வைத்தது. அந்தச் சட்டத்தை நீக்கிய புதுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வெள்ளைக்காரன் அந்த வரியைக் கேட்டது யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காகத்தான். 1908-ல் 'இந்தியா' வார இதழை எழுதி நடத்தியவர் பாரதி, ஆனால் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசனைத்தான் கைது செய்தார்கள். 1933-ல் குடி அரசில் வந்த ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரோடு அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை போனார், வெளியிடுபவர் என்று அவர் பெயர் இருந்ததால். பாரதி புதுச்சேரிக்குப் போன பிறகு 'இந்தியா' அங்கிருந்து வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் கைவைக்க முடியாத பிரிட்டிஷ் அரசு, பத்திரிகை தன் எல்லைக்குள் வருவதையே தடுத்தது. வாசகர் கைக்குப் போகாத பத்திரிகை 1910-ல் நின்றது.

ஆக இரண்டு வழி. ஒன்று, பெயர் போட்ட ஆளைப் பிடிப்பது. இன்னொன்று, வாசகருக்குப் போகிற பாதையை அடைப்பது. சுதந்திர இந்தியாவில் முதல் வழி அதிகம் புழங்கியது. அதில் ஒரு வசதி உண்டு: பிடிபட்ட ஆள் திருப்பி வழக்குப் போடலாம், ஆயிரம் ரூபாய் வாங்கலாம், மாட்டி வைக்கலாம்.

கைபேசி வந்த பிறகு கூடம் கலைந்துவிட்டது. பாட்டிக்கு ஒரு போன், பேத்திக்கு ஒரு போன், யார் என்ன பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2020-ல் கல்கியும் மங்கையர் மலரும் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போயின. ஓர் இணைய ஊடகத்தில் வேலை பார்க்கிற என் பழைய மாணவி சொன்னது இது. அலுவலகச் சுவரில் பெரிய திரை, அதில் இந்த நொடி எந்தக் கட்டுரையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எண் இறங்கினால் தலைப்பை மாற்றுவார்கள். காலையில் 'கைது' என்று இருந்தது மத்தியானம் 'கைதா?' ஆகும், சாயங்காலம் நடிகையின் பெயர் முன்னால் வரும். "நாங்க எழுதறது பாதி, திரை எழுதறது பாதி" என்றாள். சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று கார்டு போட்டவரைப் பார்த்து ஆசிரியர் பயந்தது போய், யாரென்றே தெரியாத ஓர் எண்ணைப் பார்த்துப் பயம்.

கூடம் போனதில் எனக்கு முழு வருத்தம் இல்லை. உசிலம்பட்டிப் பெண்ணின் ஊர்ப் பேச்சும் ஊர்ச் சமையலும் எந்த ஆசிரியர் குழுவிடமும் அனுமதி கேட்காமல் யூடியூபில் லட்சம் பேரைச் சேர்கின்றன. கோடு போட்டு ஓரத்தில் வரையப்பட்டவர்கள் கேமராவைத் தாங்களே பிடித்திருக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கூடம் காலி செய்த இடத்தில் காவலுக்கு யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் 2025-ல் தெரிந்தது.

விகடன் பிளஸ் என்பது அச்சில் வராத, இணையத்தில் மட்டும் வருகிற இதழ். 2025 பிப்ரவரி 10 அன்று அதன் அட்டையில் ஒரு கார்ட்டூன். அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய சமயம். பிரதமர் மோடி விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். பாஜக மாநிலத் தலைவர் பிரஸ் கவுன்சிலுக்கும் மத்திய இணை அமைச்சருக்கும் புகார் அனுப்பினார். பிப்ரவரி 15 இரவு பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. அந்தக் கார்ட்டூன் பக்கம் மட்டும் இல்லை, சமையல் குறிப்பு, ராசிபலன், பழைய இதழ்களின் தொகுப்பு, எல்லாமே. தளத்தை நடத்துகிறவர்களுக்கே அப்போது முறையான அறிவிப்பு வந்திருக்கவில்லை. இணையத்தில் இருப்பதை முடக்க அரசுக்கு அதிகாரம் தருகிற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுப்படி என்று பிறகு தெரிந்தது. விகடன் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று இடைக்கால உத்தரவு வந்தது.

அதே பத்திரிகை, அதே அட்டை, நடுவில் முப்பத்தெட்டு வருடம். 1987-ல் ஆசிரியரைப் பிடித்தார்கள், இதழ் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. 2025-ல் ஒருவரையும் பிடிக்கவில்லை, பத்திரிகையைக் காணோம். புதுச்சேரிப் பாதையை அடைத்த பழைய வழி திரும்பி வந்திருக்கிறது. 1987-ல் நடந்ததுதான் கொடுமை என்று முதல் பார்வைக்குத் தோன்றும், ஓர் ஆசிரியர் சிறையில் இருந்தார் அல்லவா. எனக்கு 2025-தான் அதிகம் கவலை தருகிறது. 69ஏ-வுக்கான 2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி என்று ஒன்று இருக்கிறது. முடக்கச் சொல்லி வந்த புகார், எடுத்த நடவடிக்கை எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பத்திரிகை தன் பெயரைச் சின்ன எழுத்திலாவது போட வேண்டும், முடக்குகிறவர் போட வேண்டியதில்லை. விகடன் பெரிய நிறுவனம், வக்கீல் வைத்துக் கேட்டது, மூன்று வாரத்தில் தளம் திறக்க வழி கிடைத்தது. சேலத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து செய்தித்தளம் நடத்துகிற இரண்டு பேருக்கு இது நடந்தால் நெட் பிரச்சினை என்று நினைத்து ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள்.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இணையச் செய்தித்தளங்களுக்கும் ஒரு ஒழுங்கு ஏற்படுத்துவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஓர் அமைப்பு, அதற்கும் மேல் அரசு. அந்த மூன்றாவது படிதான் வம்பு. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் முக்கியமான பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் இணையச் செய்தி வெளியீட்டாளர் சங்கமும் தொடுத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதம், அந்தத் தடை நாடு முழுக்கப் பொருந்த வேண்டும் என்றது. முதல் படியை மட்டும் எனக்குப் பிடிக்கும். யாரிடம் கேட்பது என்று வாசகருக்கு ஒரு பெயர் தெரிவது நல்லதுதான்.

இந்தப் பருவத்தில் செய்முறை வேலையாக அதைத்தான் கொடுத்தேன். நீங்கள் தினமும் பார்க்கிற செய்தித்தளம், சேனல் எல்லாவற்றிலும் அடிவரை போய், நடத்துகிறவர் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் பெயர் மூன்றையும் எழுதி வாருங்கள் என்றேன். பழைய பத்திரிகை நிறுவனங்களின் தளங்களில் பெரும்பாலும் மூன்றும் கிடைத்தன, சிலவற்றில் நாலைந்து கிளிக் தள்ளி. மாணவர்கள் நிஜமாகவே நாள் முழுக்கப் பார்க்கிற யூடியூப் சேனல்களுக்கு வந்தால் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'விளம்பரங்களுக்குத் தொடர்புகொள்ள', கீழே ஒரு ஜிமெயில் முகவரி. ஒரு மாணவன் அந்த முகவரிகளுக்கு எல்லாம், உங்கள் வீடியோவில் ஒரு தகவல் தவறு, யாரிடம் சொல்வது என்று எழுதிப் போட்டான். அவனுக்கு வந்த ஒரே பதிலில் விளம்பரக் கட்டணப் பட்டியல் இணைத்திருந்தார்கள். முப்பது விநாடிக்கு ஒரு விலை, தம்ப்நெயிலில் முகம் வர வேண்டும் என்றால் தனி விலை. அதை எந்த அலகில் சேர்ப்பது மேடம் என்று கேட்டான். மூன்றிலும் எழுது என்று சொன்னேன்.